உதவி டைரக்டரின் கல்வி: ஃபோல்கர் ஷ்லோண்டோர்ஃபின் திரைப்பட வாழ்வைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சினிமாப் படம் ஒன்றை அதன் டைரக்டருடைய பெயரால் சுட்டுவது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த டைரக்டர் தம் தொழிலை எங்கே, யாரிடம், எந்த முறையில் கற்றார் என்பதை ரசிகர்கள் விசாரிப்பதில்லை. விமர்சகர்களும் அதை ஜீவிய சரித்திரத்திற்குரிய சில்லறைச் செய்தியாகக் கருதி ஒதுக்கிவிடுகிறார்கள். சங்கீத உலகில் ஒரு வித்துவான் இன்னாரிடம் சிக்ஷை பெற்றவர் என்று சொன்ன மாத்திரத்தில் அவருடைய பாட்டைப் பற்றிய பாதி விஷயம் விளங்கிவிடுகிறது. சினிமாவிலோ, பல வருஷங்கள் பிறருக்கு உதவியாளராக இருந்து கற்றவருக்கும், ஒருநாளும் பிறர் கீழ் வேலை செய்யாமல் தாமே காமிராவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவருக்கும் உள்ள வித்தியாசம் போதிய அளவு ஆராயப்படவில்லை. அடுத்தவருடைய எண்ணத்தைப் பிசகில்லாமல் நிறைவேற்றுவதிலேயே இளமையைச் செலவிட்ட ஒருவருக்குப் பின்னாளில் தமக்கென்று ஒரு பார்வை வாய்க்குமா, அல்லது அந்தப் பணிவே அவருடைய எல்லையாக முடிந்துவிடுமா என்ற கேள்விக்கு, ஜெர்மானிய டைரக்டர் ஃபோல்கர் ஷ்லோண்டோர்ஃபின் நீண்ட வாழ்வு நல்லதோர் உதாரணமாக அமைந்திருக்கிறது.

உதவி டைரக்டரின் வேலை இன்னதென்று முதலில் நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். மறுநாள் எந்தக் காட்சி எடுக்கப்படும், அதற்கு எந்த நடிகர்கள் எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்த உடுப்பு, எந்தச் சாமான் தயாராக இருக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் அட்டவணையாக எழுதி எல்லோரிடமும் சேர்ப்பிப்பவர் அவரே. நூறு துணை நடிகர்கள் நிற்கும் கூட்டத்தில் யார் எப்போது தலையைத் திருப்பவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவரும் அவரே. மழை வந்தாலும், நட்சத்திரத்திற்குத் தலைவலி வந்தாலும், பணம் தீர்ந்தாலும், முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. டைரக்டர் மனத்தில் நினைத்திருப்பதை அவர் வாய்விட்டுச் சொல்லுமுன் ஊகிக்கும் சாமர்த்தியம் அவருக்கு வேண்டும். ஆனால் அந்த நினைப்பு தவறானது என்று தோன்றினால் அதை மாற்றும் அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடையாது. பொறுப்பு நிறையவும் அதிகாரம் குறையவும் உள்ள இந்த உத்தியோகம், ஒருவனுக்குத் தொழிலின் சகல நுட்பங்களையும் கற்பிப்பதோடு, தன் விருப்பத்தை அடக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் கூடவே கற்பித்துவிடுகிறது.

யுத்தத்திற்குப் பின் எழுந்த மேற்கு ஜெர்மன் சினிமாவின் முக்கியஸ்தர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால், இந்த வழியில் முழுமையாகப் பயின்று வந்தவர் ஷ்லோண்டோர்ஃப் ஒருவரே என்று சொல்லிவிடலாம். ஃபாஸ்பிண்டர் பெர்லின் திரைப்படக் கலாசாலையில் இடம் கிடைக்காமல் மியூனிக் நாடக மேடையிலிருந்து வந்தவர். ஹெர்ஸோக் எந்தப் பள்ளியையும் நாடாமல் தாமே கற்றவர். வெண்டர்ஸ் மியூனிக் திரைப்படக் கலாசாலையின் மாணவர். சட்டம் படித்த அலெக்ஸாண்டர் குளூகெ, தத்துவ ஞானி அடோர்னோவின் சிபாரிசின்பேரில் ஃப்ரிட்ஸ் லாங்கின் படப்பிடிப்பில் சிறிது காலம் உதவியாளராக இருந்தார். ஆனால் உலகப் பிரசித்தி பெற்ற அந்தப் பெரியவரைப் படத் தயாரிப்பாளர் அடிக்கடி குறுக்கிடுவதைக் கண்ட அவருக்கு, ஸ்டூடியோ முறையின் மீதே வெறுப்பு உண்டாயிற்று. 1962-ஆம் வருஷம் ஃபிப்ரவரி 28-ந் தேதி ஓபர்ஹௌஸன் நகரில் இருபத்தாறு இளைஞர்கள் கையொப்பமிட்டு, பழைய ஜெர்மன் சினிமா இறந்துவிட்டது என்று பிரகடனம் செய்தபோது, அவர்களில் குளூகெ முன்னணியில் நின்றார். அந்தப் பட்டியலில் ஷ்லோண்டோர்ஃபின் பெயர் இல்லை. அவர் அப்பொழுது பாரிஸில் உதவி டைரக்டராக வேலை செய்துகொண்டிருந்தார்.

1939-இல் வீஸ்பாடன் நகரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்த அவர், 1956-இல் பிரான்ஸுக்குப் போய், பிரித்தானி மாகாணத்தில் ஏசுசபைப் பாதிரிமார் நடத்திவந்த விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பாரிஸில் உயர்நிலைக் கல்வி கற்றபோது, பின்னாளில் புகழ்பெற்ற டைரக்டரான பெர்த்ராந் தாவெர்னியே அவருக்குச் சகமாணவராக வாய்த்தார். பகலில் அரசியலும் பொருளாதாரமும் படித்து, மாலை நேரங்களை சினிமாதெக் என்னும் பழம்படக் காட்சிசாலையில் கழித்துவந்த அந்த இளைஞருக்கு, ஹிட்லருக்கு அஞ்சி பெர்லினை விட்டு வந்து அங்கே பணிபுரிந்த லாட்டெ ஐஸ்னர் என்ற விதுஷியின் பரிச்சயம் கிடைத்தது. மூர்னௌ, லாங் முதலிய பழைய ஜெர்மானிய மேதைகளின் படங்களை அவர் அறிந்துகொண்டது இவ்வாறு அந்நிய தேசத்தில்தான். நாஜி ஆட்சி தந்தைமாரின் தலைமுறையைக் களங்கப்படுத்திவிட்டபடியால், ஜெர்மனியில் இளைஞர்கள் குருவென்று வணங்கத்தக்க மூத்த டைரக்டர்கள் அருகிப் போயிருந்தார்கள். தம் குருமார்களை அவர் எல்லைக்கு அப்பால் தேட நேர்ந்ததற்கு இதுவே காரணமாகும்.

பாரிஸில் மூன்று ஆசிரியர்கள் அவருக்குக் கிடைத்தார்கள். முதலாமவர் லூயி மால். 1960-இல் வெளிவந்த 'ஸாஸி' படத்தில் தொடங்கி, 1965-இல் மெக்ஸிகோவில் பிரிஜித் பார்தோவையும் ஜான் மோரோவையும் வைத்து எடுத்த 'விவா மரியா' வரையில், மாலுடைய பல படங்களில் ஷ்லோண்டோர்ஃப் பணியாற்றினார். ஒரு படத்தைப் போல் மறு படத்தை எடுக்காமல், ஒவ்வொரு கதைக்கும் அதற்கேற்ற நடையைத் தேடிச் செல்வது மாலின் சுபாவம். இந்தச் சுபாவம் சிஷ்யரிடமும் அப்படியே படிந்தது. இரண்டாமவர் அலென் ரெனே. 'சென்ற வருஷம் மாரியன்பாதில்' என்ற படத்தின் படப்பிடிப்பு மியூனிக்கைச் சுற்றியுள்ள ராஜமாளிகைகளில் நடந்தபோது ஷ்லோண்டோர்ஃப் அதில் உதவியாளர். தோட்டத்து மரங்களுக்கு நிழலே இல்லாமல், அங்கே சிலைகளைப் போல் நிற்கும் மனிதர்களுக்கு மட்டும் நீண்ட நிழல்கள் தரையில் விழுந்து கிடக்கும் அந்தப் பிரசித்தமான காட்சியை உண்டாக்குவதற்காக, மனிதர்களின் நிழல்களைத் தரையில் வர்ணத்தால் தீட்டினார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. சூரியன் தராத நிழலையும் தொழிலாளியின் கை தந்துவிடும் என்பதை இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞர் அருகிலிருந்து பார்த்தார்.

மூன்றாமவரான ஜான்-பியேர் மெல்வில்தான் அவருடைய உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தவர் என்று தோன்றுகிறது. பாரிஸின் ஜென்னெர் வீதியில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, அதன் மாடியிலேயே குடியிருந்த மெல்வில், சிக்கனத்தையும் கட்டுப்பாட்டையும் சமய ஆசாரம் போல அனுஷ்டித்தவர். 'லே தூலோ' என்ற அவருடைய 1962-ஆம் வருஷத்துப் படத்தில், போலீஸ் கமிஷனர் ஓர் அறையில் ஒருவனை விசாரணை செய்யும் காட்சி ஒன்பது நிமிஷத்திற்கு மேல் ஒரே ஓட்டமாக, இடையில் வெட்டே இல்லாமல் எடுக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த அந்த அறையைக் காமிரா சுற்றிச் சுற்றி வரும்போது, படமெடுக்கும் கூட்டத்தாரின் பிம்பம் எந்தக் கண்ணாடியிலும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கமிஷனராக நடிப்பவர் ஒரு வாக்கியம் தடுமாறினாலும் முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இப்படிப்பட்ட ஒரு காட்சிக்கு முன்னேற்பாடு செய்யும் உத்தியோகம் அகங்காரத்துக்கு இடம் கொடுப்பதில்லை. குருநாதர் காலமாகி மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 1976-இல் வெளிவந்த 'மரண அடி' என்ற கறுப்பு-வெள்ளைப் படத்தை ஷ்லோண்டோர்ஃப் அவருடைய நினைவுக்கே சமர்ப்பித்தார்.

இந்தப் பின்னணியோடு அவர் தாயகம் திரும்பி எடுத்த முதல் பெரிய படம், ராபர்ட் மூஸிலின் 1906-ஆம் வருஷத்து நாவலைத் தழுவிய 'இளைஞன் டோர்லெஸ்'. மாலும் அதன் தயாரிப்பில் பங்கு கொண்டார். பழைய ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தின் மூலை ஒன்றில் உள்ள ராணுவ விடுதிப் பள்ளியில், காசு திருடிய பாஸினி என்ற மாணவனைச் சகமாணவர் இருவர் ரகசியமாக வதைக்கிறார்கள். புத்திசாலியான டோர்லெஸ் அதைத் தடுக்காமல், அதன் தத்துவத்தை ஆராய்ந்துகொண்டு பக்கத்தில் நிற்கிறான். இறுதியில் தேகப்பயிற்சிக் கூடத்தில் பாஸினியைக் கால்கள் மேலாகத் தொங்கவிட்டு, வகுப்பு முழுவதும் ஆரவாரத்துடன் அவனை இங்குமங்கும் தள்ளும் காட்சியில், காமிரா பதறுவதுமில்லை, கண்ணை மூடிக்கொள்வதுமில்லை. ஹிட்லரின் பெயர் படத்தில் ஓரிடத்திலும் வராவிட்டாலும், படித்த ஜெர்மானியர் ஒரு தலைமுறைக் காலம் செய்துநின்றது இதையே என்பதை 1966-ஆம் வருஷத்து ரசிகர் ஒவ்வொருவரும் உணர்ந்தனர். கான் நகர விழாவில் சர்வதேச விமர்சகர் சங்கத்தின் பரிசு அதற்குக் கிடைத்தது. விடுதிப் பள்ளியின் வாழ்க்கையைத் தாமே அனுபவித்த ஒருவர், மெல்வில்லின் சிக்கனத்தோடு அதைச் சொன்னதால் விளைந்த வெற்றி அது.

ஆனால் தேர்ச்சி மாத்திரம் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கும் அவரே சான்று அளித்தார். 1969-இல் அமெரிக்க மூலதனத்தைக்கொண்டு, கிளைஸ்டின் கதையைத் தழுவி எடுத்த 'மிகாயேல் கோல்ஹாஸ்' பெரும் பொருட்செலவு இருந்தும் தோல்வியுற்றது. அந்தத் தோல்விக்குப் பின் அவர் செய்த காரியம் விவேகமானது: பெரிய அளவை விட்டுச் சிறிய அளவுக்கு இறங்கினார். ஃபாஸ்பிண்டரையே கதாநாயகனாக வைத்து, பிரெக்டின் 'பால்' நாடகத்தை டெலிவிஷனுக்காகப் படமாக்கினார்; அது 1970-இல் ஒளிபரப்பான பிறகு, பிரெக்டின் மனைவி ஹெலெனெ வைகெல் மேற்கொண்டு காட்டக் கூடாதென்று தடுத்துவிட்டபடியால், 2014 வரையில் அந்தப் படத்தை உலகம் காண முடியாமற் போயிற்று. மறு வருஷம் வெளிவந்த 'கோம்பாக் ஏழைகளின் திடீர்ச் செல்வம்' என்ற படம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெஸ்ஸென் நாட்டுக் குடியானவர்கள் சிலர் வரிப்பண வண்டியைக் கொள்ளையடித்து, கையிலிருக்கும் பணத்தைச் செலவழிக்கவும் முடியாமல், மறைக்கவும் தெரியாமல் அகப்பட்டு மரண தண்டனை அடைந்த உண்மைச் சம்பவத்தை, அரசாங்கப் பதிவேட்டின் வறண்ட நடையிலேயே சொல்லுகிறது. அந்த வறட்சியே படத்தின் கருணையாக அமைந்திருக்கிறது.

'பால்' படத்தில் நடித்த மார்கரெதெ ஃபான் ட்ரோட்டா 1971-இல் அவரை மணந்து, பல படங்களில் அவரோடு சேர்ந்து எழுதியும் நடித்தும் வந்தார். இருவரும் கூட்டாக இயக்கிய 'காதரீனா பிளூமின் இழந்த கௌரவம்' 1975-இல் வெளிவந்தது. மூலக்கதையை எழுதிய ஹைன்ரிஷ் பால், அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பு, பயங்கரவாதிகளைப் பற்றிப் பத்திரிகைகள் தீர்ப்புக்கு முந்தியே தண்டனை விதிப்பதைக் கண்டித்து எழுதியதற்காக அவமதிக்கப்பட்டவர். ஷ்லோண்டோர்ஃபும் ட்ரோட்டாவும் அந்தத் தூற்றலுக்குத் தப்பவில்லை. ஓர் இரவு சந்தித்த மனிதனிடம் அன்பு வைத்த குற்றத்திற்காக ஒரு வேலைக்காரப் பெண்ணின் மானத்தைப் பத்திரிகை எவ்விதம் துண்டு துண்டாக்குகிறது என்பதே கதை. கவசமணிந்த போலீஸார் அவளுடைய சிறு வீட்டுக்குள் புகும்போது, அவள் குளியல் அங்கியோடு காலை ஆகாரத்துக்கு நின்றுகொண்டிருக்கும் அந்த நிலையை, ஏஞ்செலா விங்க்ளரின் முகத்தில் தெரியும் கூச்சத்தைக்கொண்டே படம் விளக்கிவிடுகிறது. மேற்கொண்டு பிரசங்கம் தேவைப்படவில்லை. இறுதியில், கொல்லப்பட்ட நிருபனின் சவ அடக்கத்தில் பத்திரிகை முதலாளி 'பத்திரிகைச் சுதந்திர'த்தைப் பற்றி உருக்கமாகப் பேசும் காட்சியைத் தாமாகச் சேர்த்த டைரக்டர்கள், மூலத்தின் சினத்தைத் தங்கள் சினமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். மேற்கு ஜெர்மனியின் புதிய சினிமா பொதுஜனங்களிடம் பெற்ற முதற் பெருவெற்றிகளில் இது ஒன்று. இதில் பயின்ற ட்ரோட்டா பிறகு தாமே டைரக்டராகி, 1981-இல் வெனிஸ் விழாவின் பொற்சிங்கத்தை வென்றது, உதவியாளர் பரம்பரை அடுத்த தலைமுறைக்கும் நீண்டதைக் காட்டுகிறது.

அவருடைய புகழின் சிகரம் 1979-இல் வெளிவந்த 'தகர மேளம்' என்பதில் அபிப்பிராய பேதமில்லை. குண்டர் கிராஸின் 1959-ஆம் வருஷத்து நாவல் படமாக்க முடியாததென்று பலரும் கருதியது. மூன்றாவது வயதில் வளர மறுத்து, தகர மேளத்தை அடித்துக்கொண்டும், கண்ணாடி நொறுங்கும்படி கூவிக்கொண்டும், டான்ஸிக் நகரம் நாஜி நகரமாக மாறுவதை மேஜைக்கு அடியிலிருந்து பார்க்கும் ஆஸ்கர் என்ற பாத்திரத்தை யார் நடிப்பது? வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத தாவீத் பென்னென்ட் என்ற சிறுவன் கிடைத்ததும் பிரச்சினை பாதி தீர்ந்தது. அவன் 'காதரீனா பிளூம்' படத்தில் வக்கீலாக நடித்த ஹைன்ஸ் பென்னென்டின் மகன். மீதிப் பாதியைத் தீர்த்தது டைரக்டரின் தேர்ச்சி. நாவலின் மூன்றாவது பாகத்தை அவர் துணிந்து கைவிட்டார். ஜான்-க்ளோத் காரியேரோடும், தயாரிப்பாளர் ஃப்ரான்ஸ் ஸைட்ஸோடும் கதையமைப்பைத் தயாரித்து, கிராஸையே வசனங்களுக்கு உதவச் செய்தார். காமிராவைக் குழந்தையின் கண்மட்டத்திற்குத் தாழ்த்தியதால், பெரியவர்கள் அனைவரும் அந்தப் படத்தில் முழங்கால்களாகவும், பாவாடைகளாகவும், மேஜைவிளிம்புகளாகவும் முதலில் தெரிகிறார்கள்.

அந்தப் படத்தின் ஒரு காட்சியை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். நாஜிக் கட்சியின் ஊர்வலக் கூட்டத்தில், கொடிகளும் வாத்திய கோஷ்டியும் வரிசையாக நிற்க, பிரமுகர் கம்பீரமாக நடந்து வருகிறார். மேடைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஆஸ்கர் தன் மேளத்தில் வேறொரு தாளத்தை மெல்லத் தட்டத் தொடங்குகிறான். முதலில் ஒரு வாத்தியக்காரன் தடுமாறுகிறான், பிறகு இன்னொருவன். ராணுவ நடை கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து வால்ட்ஸ் நடனமாக மாற, வணக்கத்துக்கு நீட்டிய கைகள் ஜோடிகளின் தோளில் விழுந்து கூட்டம் முழுவதும் ஆடுகிறது. நூற்றுக்கணக்கான துணை நடிகர்களில் யார் எந்தக் கணத்தில் தாளம் மாறவேண்டும் என்ற கணக்கு கொஞ்சம் பிசகினாலும் இந்தக் காட்சி வெறும் கேலிக்கூத்தாகப் போயிருக்கும். ஐந்தாறு வருஷங்கள் கூட்டங்களை ஒழுங்குபடுத்திய உதவி டைரக்டரின் கை இங்கே தெரிகிறது. சர்வாதிகாரம் என்பது ஒரு தாள ஒழுங்கு, அதை வேறொரு தாளத்தால் கலைத்துவிடலாம் என்ற கிராஸின் கற்பனை அதனால்தான் கண்ணுக்குப் புலப்படும் நிகழ்ச்சியாயிற்று. அந்தப் படம் கான் விழாவின் தங்கப் பனையைக் கொப்போலாவின் 'அபாகலிப்ஸ் நவ்' படத்தோடு பகிர்ந்துகொண்டது. 1980-இல் அந்நிய மொழிப் படத்திற்கான அமெரிக்க ஆஸ்கர் பரிசை வென்ற முதல் ஜெர்மன் படமும் அதுவே. 1997-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு நீதிபதி அதை ஆபாசமென்று கருதியதால், போலீஸார் அதன் வீடியோ பிரதிகளைக் கைப்பற்றிய விநோதமும் நடந்தது.

அதற்குப் பிந்திய இருபது வருஷங்கள் அவ்வளவு சீரானவை அல்ல. உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த பெய்ரூத் நகருக்கே போய் 'பொய்மை' என்ற படத்தை எடுத்தார். ப்ரூஸ்டின் மகாநாவலிலிருந்து 'ஸ்வானின் காதல்' என்ற பகுதியை 1984-இல் படமாக்கினார். அமெரிக்காவில் டஸ்டின் ஹாஃப்மனைக்கொண்டு ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' நாடகத்தை டெலிவிஷனுக்கு எடுத்தார். ஹெரால்ட் பிண்டர் எழுதிய கதையமைப்பை வைத்து, மார்கரெட் அட்வுட்டின் 'ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலை 1990-இல் திரையிட்டார். இவற்றில் பெய்ரூத் படத்தில் ஆபத்தின் உண்மையும், மில்லர் நாடகத்தில் நடிகர்களின் உயர்வும் குறிப்பிடத்தக்கவை. ப்ரூஸ்டிலும் அட்வுட்டிலும் குறை காண்பது எளிதல்ல. உடுப்பு, ஒளி, நடிப்பு எல்லாம் பழுதற்றவை. ஆயினும் இந்தக் கதையை இவர் சொல்லியே தீரவேண்டிய நிர்ப்பந்தம் என்ன என்ற கேள்வி, படம் முடிந்து எழுந்திருக்கும் ரசிகனின் மனத்தில் பதிலின்றி நிற்கிறது.

ஷ்லோண்டோர்ஃபைப் பற்றிய விமர்சகர்களின் குற்றச்சாட்டு இங்கேதான் பிறக்கிறது. ஃபாஸ்பிண்டரின் படத்தையோ ஹெர்ஸோகின் படத்தையோ பத்து நிமிஷம் பார்த்தால் இன்னாருடையதென்று சொல்லிவிடலாம். இவருடையதை அப்படிச் சொல்ல முடியாது. பெரிய இலக்கியாசிரியர்களின் நிழலிலேயே எப்பொழுதும் ஒதுங்கி நிற்கிறார் என்பது அவர்கள் வாதம். 1954-இல் இளைஞரான த்ரூஃபோ, நாவல்களைக் கௌரவமாகப் படமாக்கும் பிரெஞ்சு முறையைத் தாக்கி எழுதியது முதல், டைரக்டரே படத்தின் ஆசிரியர் என்ற சித்தாந்தம் வலுப்பெற்றுவிட்டது. அந்தச் சித்தாந்தம் பிறந்த பாரிஸ் நகரத்திலேயே தொழில் கற்றவர், அதன் அளவுகோலுக்கு ஒத்துவராமல் போனது ஒரு முரண்பாடுதான். மற்றொரு சாரார், பல நடைகளைக் கையாள்வதும் ஒரு கலையே; மூலத்துக்கேற்ப மாறத் தெரிவதும் சக்தியே என்று அவரை ஆதரிக்கிறார்கள்.

இவ்விரு கட்சிகளும் பாதி உண்மையையே சொல்லுகின்றன என்பது நமது துணிபு. முத்திரை இல்லாமை குற்றமானால் 'டோர்லெ'ஸும் 'காதரீனா பிளூ'மும் 'தகர மேள'மும் குற்றவாளிகளாக வேண்டும். மாறும் நடை தானே சக்தியானால் 'கோல்ஹா'ஸும் 'ஸ்வா'னும் வென்றிருக்க வேண்டும். வெற்றி பெற்ற மூன்றிலும் மூலாசிரியனின் பொருள் டைரக்டரின் சொந்தப் புண்ணையும் தொட்டது: விடுதிப் பள்ளி அவர் வாழ்ந்த இடம்; பத்திரிகைத் தூற்றல் அவர் அனுபவித்த துன்பம்; தந்தையர் தலைமுறையின் பாவம் அவர் பிறப்போடு வந்த கடன். சொந்த நிர்ப்பந்தம் இருந்தபோது உதவி டைரக்டரின் பணிவு அதற்கு உருவமும் அளவும் தந்தது. அது இல்லாதபோது பணிவு மட்டும் எஞ்சி, அழகான வெற்றுப் பாத்திரமாயிற்று.

அவருடைய பிற்கால வாழ்க்கையும் இந்த முடிவையே உறுதிப்படுத்துகிறது. ஜெர்மனி ஒன்றான பிறகு, 1992 முதல் 1997 வரையில், மூர்னௌவும் லாங்கும் வேலை செய்த பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவுக்கு அவர் தலைவராக இருந்து, பாழடைந்துவந்த அதன் கூடங்களை மீண்டும் இயக்க முயன்றார். நிர்வாகத் திறமையில் குறைவில்லாவிட்டாலும், கிழக்கு ஜெர்மனியின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் பற்றிப் பின்னர் அவர் இகழ்ச்சியாகப் பேசியது, அங்கே ஆயுளைக் கழித்த கலைஞர்களின் கோபத்தைக் கிளப்பிற்று. ஆனால் அதே கிழக்கு ஸ்டூடியோவின் தலைசிறந்த கதாசிரியரான வோல்ஃப்காங் கோல்ஹாஸெயோடு சேர்ந்து, மேற்கிலிருந்து தப்பிக் கிழக்கில் ஒளிந்து வாழ்ந்த பயங்கரவாதப் பெண்ணின் கதையை 2000-இல் எடுத்த படமே அவருடைய மறுமலர்ச்சிக்கு அடையாளமாயிற்று. டாகௌ முகாமிலிருந்து ஒன்பது நாள் விடுவிக்கப்பட்ட லக்ஸம்பர்க் பாதிரியாரின் தர்மசங்கடத்தை 2004-இல் சித்திரித்த 'ஒன்பதாம் நாள்' படத்தில், பாதிரிமாரிடம் படித்த பழைய மாணவர் மீண்டும் தம் பொருளைக் கண்டுகொண்டார். 2014-இல் வெளிவந்த 'ராஜதந்திரம்', பாரிஸை இடித்துத் தள்ளும்படி கட்டளை பெற்ற ஜெர்மானியத் தளபதிக்கும், அதைத் தடுக்க முயலும் ஸ்வீடிஷ் தூதருக்கும் நடக்கும் ஓர் இரவு விவாதம். இரு தேசங்களுக்கும் பாதிப் பாதி உரியவரான ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமான கதை கிடைத்திருக்க முடியாது.

இவற்றுக்கிடையே 2007-இல் நடந்த ஒரு சம்பவம் கவனிக்கத்தக்கது. 'பெண் போப்' நாவலைப் படமாக்கப் பல வருஷங்கள் உழைத்த அவர், ஒரே படப்பிடிப்பிலிருந்து சினிமாவுக்கு ஒரு பதிப்பும் டெலிவிஷனுக்கு ஒரு நீண்ட பதிப்பும் தயாரிக்கும் வழக்கம் இரண்டையும் கெடுக்கிறதென்று பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். தயாரிப்பாளர்கள் அவரை உடனே விலக்கி, வேறொரு டைரக்டரை நியமித்தார்கள். பிறருடைய கட்டளையை நிறைவேற்றக் கற்றவர், அந்தத் தொழிலின் ஒழுங்கையே கெடுக்கும் கட்டளையை மட்டும் ஏற்க மறுத்தார். உதவி டைரக்டரின் கல்வி அடிமைத்தனத்தைக் கற்பிப்பதில்லை; ஒரு காரியம் ஒழுங்காகச் செய்யப்படுவது இன்னதென்று கற்பிக்கிறது. ஆனால் எந்தக் காரியத்தைச் செய்வது என்ற கேள்விக்கு அந்தக் கல்வியில் விடையில்லை. அதை ஒவ்வொருவரும் தம் வாழ்விலிருந்தே கொண்டுவர வேண்டும். ஷ்லோண்டோர்ஃப் கொண்டுவந்தபோதெல்லாம் வென்றார், கொண்டுவராதபோது தோற்றார். அவரை அளக்க வேறு அளவுகோல் தேவையில்லை.